இரண்டு ஃபிரேம் குத்து

1966இல் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் நடிக்க வந்த புரூஸ் லீயை, கொஞ்சம் மெதுவாக அடிக்கச் சொன்னார்கள் என்று ஒரு கதை உண்டு. அடிப்பது கேமராவில் விழவே இல்லையாம். சொல்லிச் சொல்லி மெருகேறிய கதையாக இருக்கலாம். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் நம்பத்தான் வேண்டியிருக்கிறது.

பயிற்சி பெற்ற ஒருவரின் முஷ்டி நொடிக்குச் சுமார் 8 மீட்டர் வேகத்தை எட்டும். மடங்கிய கை முழுதாக நீள, பத்தில் ஒரு நொடி போதும். சினிமா கேமரா நொடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 தனித்தனிப் படங்கள், எடுக்கிறது. அப்படியானால் ஒரு முழுக் குத்துக்குக் கிடைப்பது இரண்டோ மூன்றோ ஃபிரேம்தான். ஒவ்வொரு ஃபிரேமிலும் ஷட்டர் திறந்திருப்பது வழக்கமாக ஒரு நொடியில் 48இல் ஒரு பங்கு. அதற்குள் முஷ்டி 17 செ.மீ. தாண்டிவிடும், ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவு. படத்தில் கை இருக்காது, கை போன வழியில் ஒரு மங்கல் கோடு இருக்கும். நிஜச் சண்டையில் பிரமாதமான குத்து திரையில் ஒன்றுமில்லாமல் போவது இப்படித்தான்.

ஹாங்காங்கில் இதற்கான விடை மேடையிலிருந்து வந்தது.

தெற்குச் சீனாவின் குவாங்டாங் பகுதியில் வளர்ந்தது கான்டனீஸ் ஓபரா. பாட்டு, தாளம், கனத்த முகப்பூச்சு, நடுநடுவே சண்டை என்று நம் கூத்துக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி இருக்கும். குழுக்கள் சிவப்புப் படகுகளில் ஆறு ஆறாக, ஊர் ஊராகப் போயின. அந்த நடிகர்களின் சண்டை வெறும் பாவனை என்று நினைத்துவிடக் கூடாது. 1854இல் லீ மான்-மாவ் என்ற ஓபரா நடிகர் சீனாவை ஆண்ட சிங் வம்ச அரசை எதிர்த்துப் படையே திரட்டினார். அரசு கோபத்தில் ஓபராவையே தடை செய்துவிட்டது!

மேடைச் சண்டையில் ஒரு பழக்கம் உண்டு. வீச்சு உச்சத்துக்குப் போனதும் தாளக்கருவிகள் ஓங்கி ஒலிக்க, நடிகர் சிலைபோல உறைந்து நிற்பார். கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கும் யார் கை மேலே என்று புரிய வேண்டுமே. பிறகு மறுபடி சுழற்சி, மறுபடி உறைநிலை.

1949இல் வோங் ஃபெய்-ஹுங் என்ற ஃபோஷான் ஊர் வைத்தியரை, அதாவது 1920களில் காலமான நிஜமான குங்ஃபூ ஆசானை, நாயகனாக்கிப் படங்கள் வரத் தொடங்கின. நடித்தவர் குவான் தக்-ஹிங், ஓபராவில் பழுத்தவர். அந்த வேடத்தில் எழுபதுக்கும் மேற்பட்ட படங்கள் நடித்தார். கூடவே வேலை செய்த லாவ் சாம், வோங்கின் சீடருக்குச் சீடர். அவர் மகன் லாவ் கார்-லியூங் பின்னாளில் பெரிய சண்டைப் பயிற்சியாளராகவும் இயக்குநராகவும் ஆனார். மேடை தெரிந்தவர்களும் நிஜ அடிமுறை தெரிந்தவர்களும் ஒரே படப்பிடிப்புத் தளத்தில் சேர்ந்தது அப்போதுதான்.

இந்தப் படங்களின் சண்டையை 'நிறுத்தம், வெடிப்பு, நிறுத்தம்' என்று திரைப்பட ஆய்வாளர் டேவிட் போர்ட்வெல் பிரித்துக் காட்டினார். அசையாத உருவத்தைக் கண் உடனே படித்துவிடும்: கால் இங்கே, கை அங்கே. பிறகு மூன்று ஃபிரேமில் ஒரு குத்து. மறுபடி நிறுத்தம்: எதிராளி சாய்ந்திருக்கிறார். நடுவில் நடந்ததை மூளையே போட்டுக்கொள்கிறது. அசையாப் படங்களை அடுக்கி அசைவைக் காட்டுகிற சினிமாவே அப்படித்தானே ஓடுகிறது!

எடிட்டிங்கிலும் ஒரு சின்ன ஏமாற்று உண்டு. அடி விழும் கணத்தில் ஷாட்டை வெட்டி, அடுத்த ஷாட்டை இரண்டு மூன்று ஃபிரேம் முன்னாலிருந்து தொடங்குவார்கள். அடி உண்மையில் இரண்டு முறை விழுகிறது. நாம் உணர்வது ஒன்றுதான், ஆனால் பலமாக. சட்டையில் பவுடர் தூவி வைத்தால், பட்ட இடத்தில் தூசி எழும்பி இன்னும் கொஞ்சம் உதவும். ஒலி பெரும்பாலும் பிறகு சேர்ப்பதுதான். நம்முடைய 'டிஷ்யூம்' எந்த முகத்திலிருந்தும் வந்ததில்லை.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது புவியீர்ப்பு விளையாட்டு. நொடிக்கு 22 ஃபிரேமில் எடுத்து 24இல் ஓட்டுவது ஹாங்காங் பழக்கம். வேகம் 9 சதவீதம் கூடும். ஆனால் விழும் உடல்களுக்குக் கணக்கு வேறு: முடுக்கத்தில் நேரத்தின் வர்க்கம் வருவதால், ஈர்ப்பு 19 சதவீதம் கூடியதுபோலத் தெரியும். ஆள் 'தொப்'பென்று விழுவார். மாறாக, 48 ஃபிரேமில் எடுத்து மெதுவாக ஓட்டினால் ஈர்ப்பு நாலில் ஒரு பங்காகிவிடும். ஏறக்குறைய நிலாவில் நடக்கும் சண்டை.

கோடம்பாக்கத்தில் 'ரோப்' என்கிறார்களே, அந்தக் கம்பி வேலை இதே காரியத்தை வேறு வழியில் செய்கிறது. இடுப்பில் பட்டை கட்டி, கப்பி வழியாகக் கீழே ஆட்கள் இழுப்பார்கள். உடலின் எடை மையம் தொப்புளை ஒட்டி இருப்பதால், இடுப்பின் இருபுறமும் கம்பி மாட்டினால் நடிகர் காற்றிலேயே குட்டிக்கரணம் போடலாம். எடையில் பாதியைக் கம்பி தாங்கினால், அதே வேகத்தில் எம்பியவர் இருமடங்கு உயரம் போவார். ஒரு சிக்கல், கம்பி தாங்குவது உடலை மட்டும்தான். முடியும் அங்கியும் முழு ஈர்ப்பில்தான் விழும். உடல் மிதக்க, முடி அவசரப்படும்போது கண் சந்தேகப்படுகிறது. கம்பியோடு மெதுவோட்டத்தையும் கலந்தால் முடியும் கொஞ்சம் பொறுமையாகும்.

1999இல் வந்த தி மேட்ரிக்ஸ் படத்துக்காக ஹாங்காங் சண்டைப் பயிற்சியாளர் யூன் வூ-பிங்கை ஹாலிவுட் அழைத்தது. ஓபரா வழி வந்த குடும்பத்துக்காரர். படப்பிடிப்புக்கு முன் நடிகர்கள் சுமார் நாலு மாதம் பயிற்சி எடுத்தார்கள். அதற்குப் பிறகு எல்லோரும் கம்பியை எடுத்துக்கொண்டார்கள், நிறுத்தத்தை விட்டுவிட்டார்கள் என்பேன். கேமராவை உலுக்கி, நொடிக்கு நாலு வெட்டு வெட்டினால் யார் யாரை அடிக்கிறார் என்று அடிப்பவருக்கே தெரியாது.

ஒருவர் மட்டும் கவனித்து வைத்திருந்தார். மேட்ரிக்ஸில் நாயகன் கியானு ரீவ்ஸுக்கு டூப் போட்ட சாட் ஸ்டாஹெல்ஸ்கி. 2014இல் தொடங்கிய ஜான் விக் படங்களில் கேமராவைத் தள்ளி வைத்து, முழு உடலும் தெரிய, நீண்ட ஷாட்களாகச் சண்டையை எடுத்தார். 2023இல் வந்த நாலாவது பாகத்தில் ரீவ்ஸுடன் மோத ஹாங்காங்கிலிருந்து டோனி யென்னை அழைத்துவந்தார். யென்னை முதன்முதலில் நாயகனாக்கியவர் யூன் வூ-பிங். 2008இல் யென் திரையில் ஏற்ற வேடம் இப் மான், அதாவது புரூஸ் லீக்கு விங் சுன் என்ற குங்ஃபூ முறையைச் சொல்லிக்கொடுத்த ஆசான்.