தெருவிளக்கு எரியவில்லை என்று சொத்துவரியை நிறுத்தலாமா?

நிறுத்தாதீர்கள். சாக்கடை அள்ளவில்லை, விளக்கு எரியவில்லை என்று வீம்புக்கு வரி கட்டாமல் இருந்தவர்கள் கடைசியில் வட்டியும் சேர்த்துக் கட்டியதைத்தான் பார்த்திருக்கிறேன். இந்தப் பணத்துக்கு இந்தச் சேவை என்ற கணக்கு கட்டணத்துக்கு உண்டு, வரிக்குக் கிடையாது; உச்ச நீதிமன்றம் 1954-லேயே சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் அரையாண்டு வரியை ஏப்ரலிலும் அக்டோபரிலும் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை, தாமதித்தால் மாதம் 1 சதவீதம் வட்டி.

அதற்காக வாயைப் பொத்திக்கொண்டு கட்டச் சொல்லவில்லை. தாராளமாகக் குறை சொல்லுங்கள், ஆனால் தாளில் சொல்லுங்கள். கவுண்ட்டரில் போடும் சத்தத்துக்குப் பதிவேடு கிடையாது. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, வெள்ளைத்தாளில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, இத்தகைய மனுக்களுக்குப் பதில் சொல்லும் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு கொடுக்கலாம்.

கொடுக்கும்போதே முதல் முட்டுக்கட்டை வரும். "வரி ரசீது எங்கே? இந்த விவரம் உங்களுக்கு எதற்கு?" இரண்டுக்கும் பதில் சொல்லத் தேவையில்லை. குடிமகனாக இருந்தால் போதும். காரணம் கேட்கக் கூடாது என்று 6(2) பிரிவே சொல்கிறது. வாடகைக்கு இருப்பவரும் கேட்கலாம். சோப்பு வாங்கும்போது அவரும் ஜிஎஸ்டி கொடுத்துக்கொண்டுதானே இருக்கிறார்!

பலர் கோட்டைவிடுவது கேள்வியில். "எங்கள் தெருவுக்கு ஏன் சாலை போடவில்லை?" என்று எழுதினால், 'இது தகவல் என்ற வரையறைக்குள் வராது' என்று ஒரே வரியில் திருப்பிவிடுவார்கள். அந்த வரியை எழுத மட்டும் அலுவலகத்தில் யாருக்கும் வேலைப்பளு இருப்பதில்லை. காரணம் கேட்காதீர்கள், காகிதம் கேளுங்கள்: குறிப்பிட்ட தெரு, குறிப்பிட்ட ஆண்டு, அந்தச் சாலைப் பணியின் பணி ஆணை, அளவுப் புத்தகப் பக்கங்கள், ஒப்பந்ததாரருக்குப் பணம் வழங்கிய பில், எல்லாவற்றுக்கும் சான்றொப்பமிட்ட நகல். இதில் அளவுப் புத்தகத்தை விட்டுவிடாதீர்கள். எத்தனை மீட்டர் நீளம், எவ்வளவு கனம் என்று அதில் எழுதித்தான் பணம் எடுத்திருப்பார்கள். நகல் கையில் இருந்தால் டேப்பை எடுத்துக்கொண்டு நீங்களே தெருவில் இறங்கி அளக்கலாம். போட்ட பொருளின் மாதிரியையும் கேட்கலாம். 'தகவல் உரிமை' என்பதற்கான விளக்கத்திலேயே அதற்கு இடம் இருக்கிறது.

"இது எங்கள் பிரிவு இல்லை" என்று அலைக்கழித்தால் மனுவைத் திரும்ப வாங்காதீர்கள். உரிய அலுவலகத்துக்கு 5 நாளுக்குள் அனுப்புவது அவர்கள் வேலை. "வைத்துவிட்டுப் போங்கள்" என்றாலும் நகரக் கூடாது. உங்கள் நகலில் தேதியோடு முத்திரை வேண்டும். மறுத்தால் விரைவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

30 நாளில் பதில் வராவிட்டால் மறுத்ததாகவே பொருள். பெரும்பாலானோர் இங்கேதான் சலித்துப்போய் விட்டுவிடுகிறார்கள், அலுவலகமும் அதைத்தான் எதிர்பார்க்கிறது. அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேலதிகாரியிடம் முதல் மேல்முறையீடு செய்யுங்கள். அங்கும் நியாயம் கிடைக்காவிட்டால் 90 நாளுக்குள் தமிழ்நாடு தகவல் ஆணையம். நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரை பொதுத் தகவல் அலுவலருக்கே ஆணையம் அபராதம் விதிக்கலாம். ஆகவே மனு கொடுக்கும் அன்றே மேல்முறையீட்டு அலுவலரின் பதவியையும் முகவரியையும் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.