பத்துப் பேரு ஊதியும் பாடுறவர் குரல் ஏன் அமுங்கல?

ஜாஸ் பாடகர் மெல் டோர்மேயும் மார்ட்டி பெய்ச்சோட டெக்டெட்ங்கிற பத்துப் பேர் குழுவும் சேர்ந்து 1956-ல போட்ட ஆல்பத்த கேட்டுட்டு ஒரு வாசகர் கேட்டிருக்காரு. ட்ரம்பெட், டிராம்போன், பிரெஞ்சு ஹார்ன், டியூபா, சாக்ஸபோன்னு பத்துப் பேரு சொச்சம் வாசிக்கிறாங்க, டோர்மேக்கோ மெல்லிசான புகைமூட்டக் குரல், ஆனா ஒரு எழுத்து கூட மிஸ் ஆகல, மைக் வால்யூம ஏத்தி வெச்சுட்டாங்களான்னு.

மைக்கும் ஒரு காரணம்தான், இல்லைங்கல. ஆனா முக்கால்வாசி பெருமை மைக்குக்கு முன்னாடியே பேப்பர்ல நோட்ஸ் எழுதின பெய்ச்சுக்குத்தான் போகணும்ங்கிறது என் கட்சி. 1925-ல கலிஃபோர்னியா ஓக்லண்ட்ல பொறந்த ஜாஸ் பியானிஸ்ட், உலகப்போர் சமயத்துல ராணுவ பேண்ட், அப்புறம் லாஸ் ஏஞ்சலஸ்ல படிப்பு, ஷார்ட்டி ரோஜர்ஸ் குழுவுல பியானோ, பாடகி பெக்கி லீக்கு பியானோ, அப்படியே பாடகர்களுக்கு அரேஞ்ச்மென்ட், அதாவது எந்த வாத்தியம் எப்ப என்ன வாசிக்கணும்னு எழுதப் போயி டோர்மே, எலா ஃபிட்ஸ்ஜெரால்ட், ரே சார்ல்ஸ்னு லிஸ்ட் நீண்டுடுச்சு. டோட்டோங்கிற ராக் பேண்டோட டேவிட் பெய்ச் இவர் பையன். வரலாறு இவ்வளவு போதும், இப்ப காதுக்குள்ள போவோம்.

காதுக்குள்ள நத்தைக்கூடு மாதிரி சுருண்ட காக்ளியா இருக்குன்னு ஸ்கூல்லயே படிச்சிருப்பீங்க. அதுக்குள்ள பேசிலர் மெம்பிரேன்னு ஒரு சவ்வு, நீட்டி வெச்சா சுமார் 35 மில்லிமீட்டர். சத்தம் நுழையுற வாசல் பக்கம் குறுகலா விறைப்பா இருக்கும், உள்ள போகப் போக அகலமாகி தொளதொளன்னு ஆயிடும். அதனால கீச்சுன்ற சத்தம் வாசல்லயே சவ்வ ஆட்டிட்டு அங்கயே செத்துடும், கனமான கீழ் ஸ்தாயி சத்தம் உள்கோடி வரைக்கும் போயித்தான் உச்சமா ஆட்டும். இப்ப கவனிங்க, எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். கீழ் ஸ்தாயி அலை உள்கோடிக்குப் போகணும்னா வழியில இருக்கிற மேல் ஸ்தாயி பகுதி எல்லாத்தையும் தாண்டித்தானே ஆகணும்? கடைசி ஸ்டாப் வரைக்கும் போற டவுன் பஸ் மாதிரி, வழியில இருக்கிற ஒவ்வொரு ஸ்டாப்பயும் அதிர வெச்சுட்டுத்தான் போகும். மேல் ஸ்தாயி அலையோ முதல் ஸ்டாப்லயே இறங்கிடுது, உள்கோடிக்கு அது வந்த சேதியே தெரியாது. அதனாலதான் கீழ் சத்தம் மேல் சத்தத்த ஈஸியா மறைக்கும், மேல் சத்தம் கீழ் சத்தத்த அவ்வளவா மறைக்க முடியாது.

அப்போ டியூபா டோர்மேய முழுங்கியிருக்கணுமே? இல்ல, ஏன்னா இந்த மறைப்பு மேல்பக்கமா பரவுறது சத்தத்தோட அளவ பொறுத்தது. மெதுவா வாசிச்சா தன் இடத்துக்கு அக்கம்பக்கம் மட்டும்தான் மறைக்கும், சத்தம் ஏற ஏற மேல மேல படரும். பித்தளை வாத்தியத்துக்கு இன்னொரு குணமும் உண்டு, பலமா ஊதினா சத்தம் மட்டும் ஏறாது, மேல் ஹார்மோனிக்ஸ், அதாவது ஊதுற ஸ்வரத்தோட கூடவே ஒலிக்கிற மேல் ஸ்தாயி துணை ஒலிங்க, சரசரன்னு முளைச்சு தொனியே பளபளன்னு ஆயிடும். ச, த, க மாதிரி மெய்யெழுத்துங்கள காது பிரிச்சுப் பார்க்கிறது பெரும்பாலும் 2000 ஹெர்ட்ஸுக்கு (வினாடிக்கு 2000 அதிர்வு) மேல, அந்த ஹார்மோனிக்ஸ் நேரா போயி அங்கதான் குந்தும். பெய்ச் என்ன பண்ணாரு, பதினாறு பதினேழு பேரு பிக் பேண்ட விட்டுட்டு, ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸோட 1949-50 ஒன்பது பேர் குழு காட்டின வழியில பிரெஞ்சு ஹார்னும் டியூபாவும் கலந்த சின்ன குழுவ எடுத்துக்கிட்டாரு. பாடும்போது மிருதுவா ஊதணும், பளிச்சுன்னு ஒரு அடி அடிக்கணும்னா பாடுறவர் மூச்சு வாங்குற இடைவெளியில.

அடுத்தது, கார்டு அடுக்குறது, அதாவது ஒரே நேரத்துல ஒலிக்கிற ஸ்வரங்கள எப்படி வெக்கிறதுன்னு. ஹெட்போன் மாட்டிக்கிட்டு கீபோர்டுல நடு ஸிக்கு (C) ஒரு ஆக்டேவ் கீழ இருக்கிற ஸியையும் அதுக்கு மேல இருக்கிற ஈயையும் (E) சேர்த்து அமுக்குங்க, 131 ஹெர்ட்ஸும் 165 ஹெர்ட்ஸும், சொறசொறன்னு இருக்கும். அதே ரெண்டையும் ரெண்டு ஆக்டேவ் மேல அமுக்குங்க, 523-ம் 659-ம், சுத்தமா கேக்கும். 500 ஹெர்ட்ஸுக்குக் கீழ சுமார் 100 ஹெர்ட்ஸுக்குள்ள நெருங்கி வர்ற ரெண்டு ஸ்வரம் சவ்வுல ஒரே இடத்துல மோதிக்கும். கீழ வித்தியாசம் 34தான், மேல 136. அதான் அரேஞ்சர்ங்க கீழ இடம் விட்டு மேல நெருக்கி அடுக்குறாங்க. பெய்ச் சவ்வு பத்தி படிச்சுட்டு எழுதலன்னு வெச்சுக்கலாம், காதே சொல்லிக் குடுத்திருக்கும்.

இதுக்கு நடுவுல 432 ஹெர்ட்ஸ்ல சுருதி வெச்ச பாட்ட கேட்டா வியாதி போகும்னு வாட்ஸாப்ல ஒரு குரூப் சுத்துது. காக்ளியாவுக்கு அப்படி ஒரு ராசி நம்பர்லாம் கிடையாதுங்க, ஒரு ஸ்வரத்துக்கும் பக்கத்து ஸ்வரத்துக்கும் எவ்வளவு தூரம், எவ்வளவு சத்தம், இதத்தான் அது பார்க்குது.

சவ்வுல அலை ஓடுறத கண்ணால பார்த்தவரு ஹங்கேரிக்காரரு கேயோர்க் ஃபான் பெகேசி, 1961-ல நோபல். அவரு அந்த வேலைய ஆரம்பிச்சது புடாபெஸ்ட்ல தபால் துறையோட டெலிபோன் லேப்ல! செத்தவங்க காத எடுத்து விட்டு விட்டு மினுக்குற விளக்குல பார்க்கப் போறேன்னு இப்ப ஒருத்தர் கிராண்ட் கேட்டா, இதனால உடனடி பலன் என்னன்னு அரை பக்கத்துல எழுதுன்னு ஃபார்ம நீட்டுவாங்க. தபால் துறைக்கு இருந்த பொறுமை நம்ம ஃபண்டிங் கமிட்டிங்களுக்கு இல்லைன்னுதான் தோணுது.

1962-ல ரே சார்ல்ஸ் கன்ட்ரி பாட்டுங்கள எடுத்துப் பாடினப்ப பெய்ச்சுக்கு வந்தது வேற தலைவலி, வயலின் கூட்டம், கூடவே ஒரு கோரஸ். மனுஷக் குரலும் மனுஷக் குரலும் ஒரே ஏரியா, ஸ்தாயில பிரிக்க வழியில்ல. அதனால நேரத்துல பிரிச்சுட்டாரு. "ஐ கான்ட் ஸ்டாப் லவிங் யூ" ஆரம்பத்த கேளுங்க, கோரஸ் ஒரு வரி பாடி முடிச்ச பிறகுதான் ரே உள்ள நுழையுறாரு. அஞ்சு வாரம் அமெரிக்க பில்போர்டு பத்திரிகையோட பாட்டு வரிசையில முதலிடத்துல நின்ன பாட்டு அது.