ஆணி என்று நினைத்த கரும்புள்ளி: அறுவைக்குப் பிறகு வரும் நாட்கள்

புற்றுக் கட்டியை எடுத்துத் தோல் ஒட்டு வைத்த காலின் கட்டுத் துணியை ஐந்தாம் நாள்தான் முதன்முதலாகப் பிரிப்போம். அதுவரை ஒட்டின் மேல் பஞ்சுப் பொதியை அமுக்கி, சுற்றிலும் உள்ள தையல் நூல்களை அதன் மேலேயே இழுத்து முடிச்சுப் போட்டு வைத்திருப்போம். அன்று அந்த நோயாளி கண்ணை இறுக மூடிக்கொண்டார். எட்டிப் பார்த்தது அவர் மனைவிதான்.

"ஏனுங்க டாக்டரம்மா, இப்படி ஊதா நெறத்துல இருக்குதே, அழுகிப் போச்சுங்களா?"

அழுகவில்லை. ரோஜா நிறமும் ஊதாவும் கலந்த அந்தத் தோலைப் பார்க்கத்தான் ஐந்து நாளாகக் காத்திருந்தோம். தொடையில் சீவி எடுத்து வைத்த தோலுக்கு முதல் இரண்டு நாள் சொந்த ரத்த ஓட்டம் கிடையாது. அடியில் ஊறும் நீரை உறிஞ்சிக்கொண்டு பிழைத்துக் கிடக்கும். அதன் பிறகுதான் கீழேயிருந்து ரத்தக் குழாய்கள் வந்து சேரும். இடையில் ஒரே ஒரு தடவை காலை ஊன்றிக் கக்கூசுக்குப் போனாலும் ஒட்டு நகர்ந்துவிடும். படுக்கையிலேயே எல்லாம் என்று நாங்கள் கறாராக இருப்பது அதனால்தான்.

அவர் ஈரோடு பக்கம் மஞ்சள் காட்டில் தண்ணீர் கட்டுகிறவர், அறுபதைத் தாண்டியவர். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். இடது குதிகாலில் கறுப்பாக ஒன்று, ஒன்றரை வருடமாக இருந்தது. ஆணி என்று வீட்டில் முடிவு கட்டிவிட்டார்கள். ஆணி பிளாஸ்திரி ஒட்டினார், பிளேடால் சீவினார், ரத்தம் கசிந்தபோது மஞ்சளைக் குழைத்துப் பத்துப் போட்டார். எங்களிடம் வந்தபோது ஐந்து ரூபாய் நாணயத்தைவிடப் பெரிதாகி, நடுவில் புண்ணாகியிருந்தது. சின்னத் துண்டு எடுத்துப் பரிசோதித்தோம். மெலனோமா. தோலுக்கு நிறம் கொடுக்கும் செல்களில் வரும் புற்றுநோய்.

அவர் மகன் போனில் தேடிப் படித்துவிட்டுச் சன்ஸ்கிரீன் வாங்கி வந்திருந்தார். குதிகாலுக்கு! சிரிப்பு வந்தாலும் அவர்மேல் தப்பில்லை. மெலனோமா என்று தேடினால் வருவதெல்லாம் வெயிலில் வெந்த வெள்ளைத் தோலைப் பற்றியதுதான். நம்மைப் போன்ற கறுத்த, மாநிறத் தோல்காரர்களுக்கு இது பெரும்பாலும் உள்ளங்காலில், உள்ளங்கையில், நகத்தடியில் வருகிறது. இந்த வகைக்கும் வெயிலுக்கும் பெரிய தொடர்பு கிடையாது. பாடகர் பாப் மார்லிக்கு வந்ததும் கால் பெருவிரலில்தான். பந்து விளையாடியபோது பட்ட காயம் என்று நினைத்திருந்தார். 1977இல் நோய் தெரிந்தது, 1981 மே மாதம் 36 வயதில் இறந்தார். ஆகவே தொப்பி, குடை பற்றிய அறிவுரைகளைப் படித்துவிட்டு "நான்தான் வெயிலே படாம இருக்கேனே" என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

பயாப்சி ரிப்போர்ட்டில் நான் முதலில் தேடுவது ஓர் எண்ணை. கட்டி தோலுக்குள் எத்தனை மில்லிமீட்டர் ஆழம் இறங்கியிருக்கிறது என்பதை. 1970இல் பிரெஸ்லோ என்ற மருத்துவர் சொன்ன கணக்கு, இன்றைக்கும் அதை வைத்துத்தான் எல்லா முடிவும். இவருக்கு 3.2. இரண்டைத் தாண்டினால் கட்டியைச் சுற்றி இரண்டு சென்டிமீட்டர் நல்ல தோலையும் சேர்த்து எடுக்க வேண்டும். குதிகாலில் அப்படி எடுத்தால் எலுமிச்சம்பழத்தைக் கவிழ்த்து வைக்கிற அளவுக்குப் பள்ளம் விழும். அதை மூடத்தான் தொடைத் தோல்.

விந்தை என்னவென்றால், வீட்டுக்குப் போன பிறகு பலருக்கும் காலைவிடத் தொடைதான் அதிகம் எரியும். தரையில் சிராய்த்துக்கொண்ட மாதிரி இருக்கும். அந்த இடத்தில் ஒட்டியிருக்கும் மருந்துத் துணியைப் பிய்த்து எடுக்காதீர்கள். இரண்டு வாரத்தில் தோல் வளர்ந்து அதுவாக உதிரும். முட்டை, மீன், கத்திரிக்காய் எதுவும் கொடுக்காமல் ரசச் சாதத்திலேயே வைத்திருக்கும் பத்தியத்தையும் தயவுசெய்து கைவிடுங்கள். புண் ஆறப் புரதம் வேண்டும். முட்டை சாப்பிட்டு யாருக்கும் சீழ் பிடித்து நான் பார்த்ததில்லை. சாப்பிடாமல் மெலிந்து, ஒட்டு பிடிக்காமல் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இனி நெறி, அதாவது நிணநீர் முடிச்சு. காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டும் என்று நம் பாட்டிகளுக்குத் தெரியும். குதிகாலிலிருந்து கிளம்பும் புற்றுச் செல்லும் அந்த வழியாகத்தான் போகும், முதலில் தங்குவது அங்கேதான். காலில் நீலச் சாயம் ஊசி போட்டு, அது எந்த நெறிக்கு முதலில் போகிறதோ அதை மட்டும் எடுத்துப் பார்ப்போம். மறுநாள் சிறுநீர் பச்சையாகப் போனதைப் பார்த்து அவர் பயந்துவிட்டார். முன்கூட்டியே சொல்லாதது என் தப்பு.

அந்த நெறியில் நுண்ணோக்கிக்கு மட்டுமே தெரியும் அளவில் நோய் இருந்தது. முன்பெல்லாம் உடனே மறுபடி தியேட்டருக்குக் கொண்டுபோய்த் தொடை இடுக்கிலுள்ள எல்லா நெறிகளையும் வழித்து எடுப்போம். 2017இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று அதை மாற்றியது. எல்லாவற்றையும் எடுத்ததால் ஆயுள் கூடவில்லை. கை, கால் வீக்கம்தான் நூற்றுக்கு ஆறு பேரிடமிருந்து இருபத்து நான்கு பேர் என்று கூடியது. ஆகவே இவருக்கு நான்கு மாதத்துக்கு ஒரு தடவை தொடை இடுக்கில் அல்ட்ராசவுண்ட், அவ்வளவுதான்.

அந்த வீக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நம் ஊரில் கால் வீங்கினால் தெருவே "யானைக்காலா?" என்று கேட்கும். நெறிகளை எடுத்த ஒரு அம்மா இந்தக் கேள்விக்குப் பயந்தே ஒரு வருடம் கல்யாண வீடுகளுக்குப் போகவில்லை. கொசுக்கடியால் வருவதல்ல இது, நிணநீர் போகும் பாதை அறுபட்டதால் வருவது. இறுக்கமான காலுறையைக் காலையில் படுக்கையை விட்டு இறங்கும் முன்பே போட வேண்டும். வெயில் காலத்தில் அது எவ்வளவு கொடுமை என்று எனக்குத் தெரியும். விரலிடுக்கை ஈரமில்லாமல் துடைத்து, காலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். கால் சிவந்து காய்ச்சல் வந்தால் அன்றைக்கே வர வேண்டும், நாளைக்கு என்று தள்ளக் கூடாது.

மருந்துக்கு வருவோம். நெறியில் நோய் இருந்தவர்களுக்கு இப்போது ஒரு வருடத்துக்கு இம்யூனோதெரபி சொல்கிறோம். பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் என்று பெயர்கள். முடி கொட்டும் கீமோ அல்ல. நம் எதிர்ப்பு சக்திக்குப் போட்டிருக்கும் பிரேக்கை எடுத்துவிடும் மருந்து. இந்தத் தத்துவத்துக்குத்தான் 2018இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் விலை அதிகம். உள்ளங்கால் வகைக்கு வெயிலால் வரும் வகையைப் போல நன்றாக வேலை செய்வதும் இல்லை. இரண்டையும் மறைக்காமல் சொல்லிவிடுவேன். காட்டை விற்றுத்தான் போட வேண்டும் என்றால் போட வேண்டாம் என்று இவர் முடிவெடுத்தார். நான் வற்புறுத்தவில்லை. மருந்து போட்டுக்கொண்ட ஓர் ஆசிரியைக்கு நான்காவது டோசுக்குப் பிறகு நாளைக்கு எட்டுத் தடவை வயிற்றுப்போக்கு. ஓட்டல் சாப்பாடு என்று நினைத்து மாத்திரை வாங்கிப் போட்டு ஐந்து நாள் ஓட்டிவிட்டார். அவிழ்த்துவிட்ட எதிர்ப்பு சக்தி குடலையே தாக்கியிருந்தது, ஸ்டீராய்டு கொடுத்துத்தான் அடக்கினோம். தைராய்டு, நுரையீரல், கல்லீரல் எதுவும் இதில் மாட்டலாம், மருந்தை நிறுத்திச் சில மாதம் கழித்தும் மாட்டலாம். வேறு எந்த டாக்டரிடம் போனாலும் இந்த ஊசி போட்டிருக்கிறேன் என்று முதலில் சொல்லுங்கள்.

இத்தனைக்கும் நடுவில் மகன் ஒரு நாள் என் அறைக் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார்: "அப்பாகிட்ட கேன்சர்னு சொல்லீராதீங்க மேடம். ஆணின்னே இருக்கட்டும்."

இதைக் கேட்காத குடும்பமே கிடையாது. வேறு நோய்களில் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கிற நான் இதில் மட்டும் பிடிவாதம் பிடிப்பேன். ஏனென்றால் மெலனோமா திரும்பி வந்தால் அதை முதலில் கண்டுபிடிப்பது பல நேரங்களில் ஸ்கேன் அல்ல, நோயாளியின் கைதான். குதிகாலுக்கும் தொடை இடுக்குக்கும் நடுவே தோலுக்கடியில் பட்டாணி மாதிரி உருளலாம், கறுப்பாகத்தான் இருக்கும் என்றும் இல்லை. தொடை இடுக்கில் வலியில்லாத நெறி தட்டுப்படலாம். ஒட்டின் ஓரத்தில் புதிதாகக் கறுப்பு படரலாம். ஆணிதான், எடுத்தாச்சு என்று நம்புகிறவர் எதைத் தேடுவார்? முதல் இரண்டு வருடம் மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு தடவையும், ஐந்து வருடம் வரை ஆறு மாதத்துக்கு ஒரு தடவையும் வரச் சொல்கிறோம். புண் ஆறியதும் வராமல் போகிறவர்களில் பலர் தனக்கு என்ன நோய் என்றே தெரியாதவர்கள்.

மகனை உட்கார வைத்துக்கொண்டு அவரிடமே கேட்டேன், என்னன்னு நெனைக்கிறீங்க ஐயா என்று. "ஆஸ்பத்திரி வாசல்லயே போர்டு வெச்சிருக்கீங்களே அம்மணி, எனக்குப் படிக்கத் தெரியுமுங்க" என்றார். மகன் அழுதார். அவர் அழவில்லை. எப்படிப் பார்க்கணும்னு சொல்லிக் கொடுங்க என்று காலை நீட்டினார். மனைவிக்கும் சொல்லிக் கொடுத்தேன். மாதம் ஒரு நாள் என்றதும் அந்த அம்மா அமாவாசை என்று நாள் குறித்துவிட்டார், அன்றைக்குத்தான் மறக்காது என்று.

ஒட்டிய தோலுக்கு உணர்ச்சி கிடையாது. முள் தைத்தாலும் சுடுகல்லை மிதித்தாலும் தெரியாது. மூன்று வாரம் கழித்து வாக்கரோடு ஊன்ற ஆரம்பித்தவருக்கு எம்.சி.ஆர். செருப்பு எழுதிக் கொடுத்தோம், சர்க்கரை நோயாளிகளுக்கும் தொழுநோயாளிகளுக்கும் கொடுக்கும் அதே மெத்தென்ற செருப்பு. ஒட்டின் விளிம்பில் தோல் தடித்துக் காய்த்துப் போகும். நிஜமான ஆணி மாதிரியே இருக்கும். அதை நாங்கள்தான் சீவுவோம், வீட்டில் பிளேடு வேண்டாம்.

தை மாதம் செக்கப்புக்கு வந்தபோது பச்சை வேட்டி கட்டியிருந்தார். பழனிக்கு நடந்து போகலாமா என்று கேட்க வந்திருந்தார். முப்பது வருடமாக வெறுங்காலில் போகிறாராம். செருப்போடு போவதானால் போங்கள், பகலில் தார் ரோடு வேண்டாம், தங்குகிற இடத்தில் எல்லாம் மனைவி டார்ச் அடித்துக் குதிகாலைப் பார்க்க வேண்டும் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "முருகன் கோவிச்சுக்க மாட்டாருங்க, கூட வர்றவங்கதான் பேசுவாங்க" என்றார்.

போய்விட்டு வந்து காலைக் காட்டினார். அடிவாரம்வரை செருப்பு, மலைக்கு விஞ்சு. ஒட்டு அப்படியே இருந்தது. கொப்புளம் நல்ல காலில்.