குதிரைக் கயிற்றுக்கு வழிவிட்ட மேம்பாலம்

இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில், எம்6 நெடுஞ்சாலையின் 6ஆம் எண் சந்திப்புக்கு அரசு வைத்த பெயர் கிரேவலி ஹில். அந்தப் பெயரைச் சொன்னால் ஊரில் பாதிப் பேர் விழிப்பார்கள். 1965இல் அதன் வரைபடத்தைப் பார்த்த உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று 'ஸ்பகெட்டி ஜங்ஷன்' என்று தலைப்புப் போட்டது. கட்டத் தொடங்கியது 1968இல்தான், ஆனால் பட்டப்பெயர் அதற்கு முன்பே ஒட்டிக்கொண்டது. நாம் பார்த்திருந்தால் இடியாப்பம் என்றிருப்போம்.

1972 மே மாதம் திறக்கப்பட்ட இந்தச் சந்திப்பில் சாலைகள் ஐந்து அடுக்குகளாகப் பின்னிக் கிடக்கின்றன. தாங்குபவை 559 கான்கிரீட் தூண்கள். உயரமானது 24 மீட்டர். இதன் படங்கள் பெரும்பாலும் வானத்திலிருந்து எடுத்தவை. எனக்கென்னவோ இந்தப் பாலத்தின் கதை அதன் அடியில்தான் இருக்கிறது என்று தோன்றுகிறது.

அடியில் ஓடுவது கால்வாய். 1789இல் வந்த பர்மிங்ஹாம்–ஃபேஸ்லி கால்வாயும் 1844இல் வந்த வேறு இரண்டும் சால்ஃபோர்ட் ஜங்ஷன் என்ற இடத்தில் கூடுகின்றன. அதாவது மேலே இருக்கும் சந்திப்புக்கு முன்பே கீழே ஒரு சந்திப்பு இருந்தது. பொறியாளர்கள் அந்தத் தண்ணீருக்கு மட்டுமல்ல, ஒரு கயிற்றுக்கும் இடம்விட வேண்டியிருந்தது.

சாலையில் ஓரிரு டன் வண்டியை இழுக்கவே திணறும் குதிரை, கால்வாயில் ஏறக்குறைய முப்பது டன் சரக்குப் படகை இழுத்துக்கொண்டு போகும். தண்ணீரின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். நடை வேகத்தில் அது மிகக் குறைவு. குதிரை கரையோரப் பாதையில் நடக்கும், படகு நடுநீரில் வரும், இரண்டுக்கும் நடுவே நீண்ட கயிறு சாய்வாக விறைத்து நிற்கும். அந்தக் கயிறு கடந்து செல்லும் பரப்பில் ஒரு தூண் நின்றால் போதும், குதிரை ஒரு பக்கம், படகு ஒரு பக்கம் என்று கயிறு தூணைச் சுற்றிக்கொள்ளும். பழைய கால்வாய்ப் பாலங்களின் முனைகளில் பதித்த இரும்புப் பட்டைகளைத் தடவிப் பார்த்தால் விரல் புகும் அளவுக்குப் பள்ளங்கள் தட்டுப்படும். நனைந்த கயிறு, அதில் ஒட்டிய மணல், பல ஆண்டு உரசல் ஆகிய மூன்றும் சேர்ந்து அரமாக வேலை செய்திருக்கின்றன. 1960களில் குதிரைப் படகுகள் அருகிப்போயிருந்தன. ஆனாலும் படகின் கயிறு சிக்காதபடிதான் ஸ்பகெட்டி ஜங்ஷனின் தூண்களுக்கு இடம் குறிக்கப்பட்டது.

கால்வாய்த் தண்ணீரால் பாலத்துக்கு ஆபத்து வரும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். வந்தது மேலேயிருந்து.

அடியில் நின்று காது கொடுத்தால் 'டடக்... டடக்' என்ற சத்தம் விடாமல் கேட்கும். முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரு இடைவெளியைத் தாண்டும் ஓசை அது. சாலைத் தளம் ஒரே துண்டு இல்லை. ஒவ்வொரு தூண் வரிசையின் தலையிலும் ஒரு குறுக்கு உத்தரம். உத்தரத்துக்கு உத்தரம் பலகை போட்டதுபோல் தனித்தனித் தளங்கள். இருபது மீட்டர் தளம் ஒன்று, குளிருக்கும் வெயிலுக்கும் இடையே 40 டிகிரி மாறினால் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நீளும். நீள இடமில்லையென்றால் பாலம் தன்னைத்தானே நெரித்துக்கொள்ளும். அதனால் இரண்டு தளங்கள் சந்திக்கும் இடத்தில் இடைவெளி விட்டு, ரப்பர் போன்ற பொருளால் மூடினார்கள். லாரிச் சக்கரங்களின் அடியில் அந்த மூடி நெடுநாள் தாங்காது. ஒழுகும். ஒழுகினால் நேராகக் கீழே உள்ள உத்தரத்தின் தலையில்தான் விழும்.

வெறும் மழைநீராக இருந்தால் பெரிதாகப் பாதகமில்லை. பனி உறையாமலிருக்கக் குளிர்காலத்தில் சாலையில் கல்லுப்புத் தூவுகிறார்கள். பெரும்பகுதி செஷயர் பகுதிச் சுரங்கத்து உப்பு. ஒரு காலத்தில் அதே பகுதி உப்பைச் சுமந்து பிழைத்தவை கால்வாய்கள். இன்று நெடுஞ்சாலையை அரிப்பதும் அதே உப்பு!

கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி சாதாரணமாகத் துருப்பிடிக்காது. சிமென்ட்டின் கடும் காரத்தன்மை (பிஎச் 12, 13 வரை) கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலத்தைப் போர்த்தி வைக்கிறது. உப்பிலுள்ள குளோரைடு மெல்ல ஊறிவந்து அந்தப் போர்வையை அங்கங்கே ஓட்டையாக்கும். ஓட்டையான இடம் மின்கலத்தின் ஒரு முனை, ஓட்டையாகாத மீதிக் கம்பி மறு முனை. கம்பி கரைந்து துருவாகிறது. துருவோ இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிப்பது. உள்ளிருந்து உப்பிக் கான்கிரீட்டைப் பிளக்கும். கடலோர வீடுகளின் கூரையில் பூச்சு பெயர்ந்து கம்பி பல்லிளிப்பதும் இதே கதைதான்.

உப்பு ஊறிய கான்கிரீட்டை எல்லாம் கொத்தி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசலாமே? கொத்தக் கொத்த உத்தரம் பலமிழக்கும், முட்டுக்கொடுத்தாக வேண்டும், மேலே வண்டிகள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. அதனால் வேறு வழி. உடைந்த இடங்களை மட்டும் சரிசெய்து, உத்தரத்தின் மேற்பரப்பில் மின்சாரம் கடத்தும் பூச்சு அல்லது டைட்டானிய வலையைப் பொருத்தி, அதை நேர்முனையாகவும் உள்ளே உள்ள கம்பியை எதிர்முனையாகவும் இணைக்கிறார்கள். கம்பிக்குள் இடைவிடாமல் எலக்ட்ரான் வந்துகொண்டிருந்தால் இரும்பு கரைய வேண்டிய கட்டாயம் இல்லை. எதிர்மின் ஏற்றம் கொண்ட குளோரைடும் கம்பியைவிட்டு வெளிப்பக்கம் தள்ளப்படும். ஒரு சதுர மீட்டர் கம்பிப் பரப்புக்குப் பத்து, இருபது மில்லி ஆம்பியர் போதும். செல்போன் சார்ஜர் தரும் இரண்டு ஆம்பியரை வைத்து நூறு சதுர மீட்டரைக் காப்பாற்றலாம். யோசனை புதிதல்ல. செம்புத் தகடு போர்த்திய கப்பல்களுக்காக ஆங்கிலேய வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவி 1824இலேயே சொன்னது. செம்பு அரிக்காமல் நின்றது. ஆனால் அரிக்காத செம்பில் கொட்டலசுகள் (கப்பலின் அடியில் ஒட்டிக்கொள்ளும் ஓடுள்ள சிறு கடலுயிர்கள்) நிம்மதியாகக் குடியேறிக் கப்பலை மந்தமாக்கின, பாவம்.

பர்மிங்ஹாமைச் சுற்றியுள்ள நெடுஞ்சாலை மேம்பாலங்களில் நூற்றுக்கணக்கான உத்தரங்கள் இப்போது இப்படி மின்சாரத்தில் வாழ்கின்றன. வேலை செய்கிறதா என்று சோதிக்கும் முறை எளிது. மின்சாரத்தை நிறுத்திவிட்டு ஒரு நாள் காத்திருப்பார்கள். கம்பியின் மின்னழுத்தம் 100 மில்லி வோல்ட்டாவது மாறினால் பாதுகாப்பு சரியாக இருக்கிறது என்று பொருள். குறித்துக்கொண்டு, திரும்பவும் சுவிட்சைப் போடுவார்கள்.