கையெழுத்து வாங்கியாச்சு, சரி. சம்மதம் வாங்கினீங்களா?

பெண்களின் வாழ்க்கையை ஆவணப்படமாக எடுத்துவிட்டு ஹார்ட் டிஸ்க்கோடு எடிட்டிங்குக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "படம் எங்கெல்லாம் ஓடும்னு அந்த அம்மாகிட்ட சொன்னீங்களா?" என்றுதான். பதிலுக்குப் பெரும்பாலும் ஒரு ரிலீஸ் ஃபார்மை, அதாவது படத்தில் வருகிறவரிடம் வாங்கும் சம்மதப் படிவத்தை, நீட்டுவார்கள். ஆங்கிலத்தில் அச்சடித்தது, அடியில் கைநாட்டு. எல்லா ஊடகங்களிலும், உலகம் முழுக்க, காலவரையின்றிப் பயன்படுத்தலாம் என்று அதில் இருப்பதை அவருக்கு யாரும் படித்துக் காட்டியிருக்க மாட்டார்கள்.

முன்பு இத்தகைய படங்கள் விழாக்களிலும் கல்லூரிகளிலும் சங்கக் கூட்டங்களிலும் ஓடும், அத்தோடு சரி. இப்போது புருஷன் அடித்ததை அவர் சொல்லும் இருபது விநாடியை மட்டும் வெட்டி, ஊர் வாட்ஸ்அப் குழுவிலேயே போட்டுவிடலாம். அரங்கத்துக்குச் சம்மதித்தவர் யூடியூபுக்கும் சம்மதித்ததாக எடுத்துக்கொள்வது எந்த ஊர் நியாயம்?

"முகத்தை பிளர் பண்ணிடலாம் சார்" என்பார்கள். அவரைத் தெரியாதவர்களுக்கு அது போதும். ஆபத்து வருவதோ தெரிந்தவர்களிடமிருந்து: மாமியார், பிரிந்துபோன கணவன், வேலை கொடுக்கும் கான்ட்ராக்டர். இவர்களுக்கு முகமே வேண்டாம். குரல் போதும், மூக்குத்தி போதும், பின்னால் தெரியும் சுவரின் நிறம் போதும். குழந்தை பள்ளிச் சீருடையில் குறுக்கே ஓடினால் முடிந்தது கதை. குரலின் சுருதியை மாற்றினாலும் பேச்சுவழக்கு மாறாது. அதனால் அவர் சொன்னதை வேறொருவர் குரலில் பதிவு செய்வதையே நான் விரும்புவேன்.

இன்னொன்று, சட்டையில் குத்தும் மைக். அதன் ஒலி தனிக் கருவியில் பதிவானால், கேமராவை நிறுத்திய பிறகும் அது ஓடிக்கொண்டே இருக்கும். "நிறுத்திட்டீங்கல்ல?" என்று உறுதிப்படுத்திக்கொண்டு அவர் பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்வதெல்லாம் என் எடிட்டிங் திரையில் வந்து நிற்கும். படத்திலேயே வலுவான வரி சில சமயம் அதுவாகத்தான் இருக்கும். வைக்கக் கூடாது.

சட்டமும் இதில் கறாரானது. பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் (இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 72ஆம் பிரிவின்படி குற்றம். இரண்டு ஆண்டுகள் வரை சிறை. அவரே எழுத்தில் அனுமதித்தால் விலக்கு உண்டு. இப்படிப் பாதிக்கப்பட்ட குழந்தைகள் விஷயத்தில் பெற்றோர் கையெழுத்துப் போட்டாலும் செல்லாது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு பெயர், படம், முகவரி, பள்ளி, குடும்ப விவரம் என எதையும் ஊடகத்தில் வெளியிட விடாது. சிறப்பு நீதிமன்றம் மட்டுமே, அதுவும் குழந்தையின் நலனுக்காக, அனுமதிக்க முடியும்.

அப்படியானால் குடும்ப வன்முறையைப் படமாக்கவே முடியாதா? ஆவணப்பட இயக்குநர் தீபா தன்ராஜ் உள்ளிட்டோர் 1980இல் பெங்களூரில் தொடங்கிய யுகாந்தர் என்ற திரைப்படக் குழு இதற்கு ஒரு வழி காட்டியிருக்கிறது. 1983இல் ஹைதராபாத்தின் ஸ்த்ரீ சக்தி சங்கடனா என்ற பெண்கள் அமைப்பினரோடு சேர்ந்து, வீட்டு வன்முறையை நடித்துக் காட்டும் கதையாகவே தெலுங்கில் எடுத்தார்கள். பாதிக்கப்பட்ட எந்தப் பெண்ணையும் கேமரா முன் உட்கார வைக்காமலேயே விஷயத்தைச் சொல்ல முடியும் என்பதற்கு அது போதும்.

கூலி விஷயத்தில் என் கருத்து பலருக்குப் பிடிக்காது. அரை நாள் நமக்காக உட்காருகிறவருக்கு அரை நாள் கூலி போகிறது. அதை ஈடுகட்டினால் உண்மை கெட்டுவிடும் என்கிறவர்கள் யாரும் தங்கள் பேட்டாவை விட்டுக்கொடுத்து நான் பார்த்ததில்லை.

உங்கள் வீட்டுக்கு யாராவது கேமராவோடு வந்தால் கேளுங்கள்: எங்கே காட்டுவீர்கள்? முடிக்கும் முன் எனக்குப் போட்டுக் காட்டுவீர்களா? வேண்டாம் என்றால் எந்தத் தேதி வரை என்னை நீக்கச் சொல்லலாம்? பதிலைத் தமிழில் எழுதி வாங்கி, ஒரு பிரதியை நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் ஏற்றிய பிறகு அவர்கள் பக்கத்திலிருந்து படத்தை நீக்கச் சொல்லலாம். அதற்குள் யாராவது இறக்கி வைத்திருந்தால் அதைத் திரும்பப் பெறுவது எடுத்தவர்களாலும் ஆகாத காரியம்.