கியர் மாற்றாத நேரத்தில் அந்தப் பெட்டி என்ன செய்கிறது?

என் மேசை இழுப்பறையில் ஒடிந்த அலுமினியத் துண்டு ஒன்று கிடக்கிறது. கட்டைவிரல் அளவுதான் இருக்கும். சைக்கிளின் பின்சக்கர அச்சுக்குப் பக்கத்தில், செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளிவிடும் டிரெய்லியரைத் தாங்கி நிற்கிற ஹேங்கர் அது. சில ஆண்டுகளுக்கு முன் மருதமலை அடிவார ஏற்றத்தில் ஒரு மாணவர் சைக்கிளோடு விழுந்தபோது ஒடிந்தது. அவருடைய இடது மணிக்கட்டு எலும்பிலும் விரிசல் கண்டது. அவர் ஓட்டியது, தாமும் நண்பர்களும் இறுதியாண்டுத் திட்டமாகச் செய்த மோட்டார் கியர் சைக்கிள்.

கோவையில் இயந்திர வடிவமைப்பு என் தொழில். சிறியதாக ஒரு லேத் பட்டறையும் உண்டு. ஆண்டுதோறும் மாணவர்கள் தேடி வருகிறார்கள். அவர்களில் ஒரு குழுவாவது சைக்கிளுக்குத் தானியங்கி கியர் செய்கிறோம் என்று சொல்லும். நல்ல திட்டம், செலவும் குறைவு, படிப்பதற்கு அதில் நிறைய இருக்கிறது. ஆனால் ஏறக்குறைய எல்லோரும் ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள்: "எந்த மோட்டார் போடலாம், சார்?" அந்த மாணவர் விழுந்த நாளிலிருந்து நான் அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்வதில்லை. மின்சாரம் நின்றுபோனால் என்ன ஆகும், இடித்தால் என்ன ஆகும், கடைசிப் பல்சக்கரத்தைத் தாண்டி இழுத்தால் என்ன ஆகும் என்று அவர்களைக் கேட்கிறேன். ஒரு மணி நேரப் பயணத்தில் கியர் மாறும் நேரத்தைக் கூட்டினால் ஒரு நிமிடம்கூடத் தேறாது. மீதி ஐம்பத்தொன்பது நிமிடம், கியர் மாற்றும் மோட்டார் இருக்கும் அந்தப் பெட்டி சும்மா நிற்கிறது. விபத்துக்கான விதை அந்த நிற்கிற நேரத்தில் இருக்கிறது.

அன்று நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். டிரெய்லியரை நகர்த்தும் கேபிளை இழுக்க, சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் ஒரு பெரிய சர்வோ மோட்டார் வைத்திருந்தார்கள். அதற்கும் கட்டுப்பாட்டுப் பலகைக்கும் ஒரே பேட்டரி. ஏற்றத்தில் மிதியை அழுத்தி மிதிக்கும்போதே கியர் மாற்றும் பொத்தானையும் அழுத்தியிருக்கிறார். செயின் இறுகி நின்றதால் சர்வோ திணறியது. திணறும் மோட்டார் மின்னோட்டத்தை அள்ளிக் குடிக்கும். பேட்டரியின் அழுத்தம் ஒரு கணம் சரிந்தது. பலகை அணைந்து மறுபடி உயிர் பெற்றது. உயிர் பெற்றதும் நிரலின் முதல் வரியை நிறைவேற்றியது: சர்வோவைப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோ. அவர்கள் பொருத்தியிருந்த முறையில் பூஜ்யம் என்றால் கேபிள் முழுவதும் இழுபட்ட நிலை. உட்பக்க எல்லைத் திருகு மட்டும் இருந்திருந்தால் டிரெய்லியர் பெரிய பல்சக்கரத்தோடு நின்றிருக்கும். அந்தத் திருகு மோட்டாரைத் தடுக்கிறது என்று முதல் வாரத்திலேயே கழற்றிவிட்டார்களாம். டிரெய்லியர் சக்கரத்தின் ஸ்போக்ஸ் கம்பிகளுக்குள் புகுந்தது. சக்கரம் அப்படியே பூட்டிக்கொண்டது.

மேட்டில் மெதுவாகப் போனதால் மணிக்கட்டோடு தப்பினார். இறக்கமாக இருந்திருந்தால் என்ற நினைப்பு எனக்கு இன்றும் உறுத்துகிறது. ஏனென்றால் அந்தக் குழு என்னிடம்தான் சர்வோவுக்கான தாங்கியைக் கடைந்து வாங்கிப் போயிருந்தது. எல்லைத் திருகு எங்கே என்று நான் கேட்கவில்லை.

இனி கணக்குக்கு வருவோம். நம் ஊரில் அதிகம் ஓடும் 21 கியர் சைக்கிளில் பின்னால் 7 பல்சக்கரங்கள். பக்கத்துப் பக்கத்துச் சக்கரங்களுக்கு நடுவே 5 மி.மீ. இடைவெளி. கைப்பிடியில் ஒரு கிளிக் போட்டால் கேபிள் சுமார் 2.9 மி.மீ. நகர்கிறது, டிரெய்லியர் அதை 1.7 மடங்காக்கி 5 மி.மீ. தள்ளுகிறது. ஏழு கியருக்கு ஆறு நகர்வு, மொத்தம் 17.4 மி.மீ. கேபிளை இழுக்க எவ்வளவு விசை வேண்டும் என்பதை யாரிடமும் கேட்க வேண்டாம். பயணப் பெட்டியின் எடை பார்க்கும் தொங்கு தராசைக் கேபிள் முனையில் மாட்டி இழுத்துப் பாருங்கள். என் பட்டறையில் 4 முதல் 7 கிலோ வரை காட்டியிருக்கிறது. பழைய, துருப்பிடித்த கேபிள் உறை என்றால் இன்னும் ஏறும்.

5 கிலோ என்று வைத்துக்கொண்டால், 10 மி.மீ. ஆரமுள்ள உருளையில் கேபிளைச் சுற்ற 5 கிலோ-செ.மீ. முறுக்கு விசை வேண்டும், முழு வீச்சுக்கு உருளை 100 பாகை திரும்பினால் போதும். கடையில் கிடைக்கும் எம்ஜி996ஆர் சர்வோ இதைத் தாராளமாகச் செய்யும். மாணவர்கள் அதையே வாங்குவதற்குக் காரணம் இதுதான். இழுப்பதில் அதற்குக் குறையே இல்லை. இழுத்த பிறகு பிடித்துக்கொண்டிருப்பதில்தான் குறை. டிரெய்லியரின் ஸ்பிரிங் கேபிளை ஓயாமல் வெளியே இழுக்கிறது. சர்வோவும் மின்சாரத்தைச் செலவழித்து ஓயாமல் எதிர்த்து நிற்கிறது. மின்சாரம் போனால் பிடி தளர்ந்து, கியர் தானாக நழுவுகிறது.

மரைத்தண்டு, அதாவது சுழலும்போது நட்டை நகர்த்தி அதோடு சேர்ந்த கேபிளை இழுக்கும் திருகுத் தண்டு, வேறு விதம். 5 மி.மீ. தடிமனுள்ள எம்5 தண்டில் ஒரு சுற்றுக்கு 0.8 மி.மீ. முன்னேற்றம், 17.4 மி.மீ.க்குச் சுமார் 22 சுற்று. மரையின் சாய்வு 3 பாகையை ஒட்டியது. அவ்வளவு குறைந்த சாய்வில் நட்டை எவ்வளவு இழுத்தாலும் தண்டு பின்னோக்கிச் சுழலாது. பேட்டரியையே கழற்றி எறிந்தாலும் கியர் நின்ற இடத்தில் நிற்கும். உராய்வில் ஆற்றலின் பெரும்பகுதி போய்விடும் என்பது உண்மை. அந்த உராய்வுதான் நமக்குக் காவல். முறுக்குத் தேவையும் அரை கிலோ-செ.மீ.க்குள் அடங்கிவிடுவதால், 12 மி.மீ. அகலமும் 10 மி.மீ. உயரமுமே உள்ள என்20 கியர் மோட்டார் போதும். நிமிடத்துக்கு 500 சுற்று வகையை எடுத்தால் ஒரு கியர் மாற அரை நொடியை ஒட்டி ஆகும். பெட்டி சிறுத்துப்போவது இப்படித்தான்: பலமான மோட்டாரைத் தேடுவதை விட்டுவிட்டு, பிடித்துக்கொள்ளும் வேலையை மோட்டாரிடமிருந்து எடுத்து மரையிடம் கொடுத்துவிடுகிறோம். நீண்ட நாள் உழைக்க வேண்டுமென்றால் சாதாரண வி வடிவ மரையைவிடச் சரிவக வடிவமுள்ள ட்ரெப்பிசாய்டல் மரையும் பித்தளை நட்டும் நல்லது.

பேட்டரியைப் பற்றிய பயமும் தேவையற்றது. 50 நியூட்டன் விசையில் 2.9 மி.மீ. இழுப்பது 0.15 ஜூலுக்கும் குறைவான வேலை. ஐந்தில் ஒரு பங்குதான் கேபிளுக்குப் போய்ச் சேர்கிறது என்று கஞ்சத்தனமாகக் கணக்கிட்டாலும் ஒரு மாற்றத்துக்கு 0.75 ஜூல். 2,000 மில்லியாம்பியர்-மணி லித்தியம் செல் ஒன்றில் 26,000 ஜூலுக்கு மேல் இருக்கிறது. காகிதக் கணக்கில் 35,000 மாற்றம். அதே செல்லில் ஒரு ஆர்டுயினோ ஊனோ கட்டுப்பாட்டுப் பலகையைச் சும்மா விழித்திருக்க வைத்தால், அது ஏறக்குறைய 50 மில்லியாம்பியர் குடித்து இரண்டு நாளுக்குள் காலி செய்துவிடும். பொத்தான் அழுத்தாத நேரத்தில் பலகையைத் தூங்கவைக்கக் கற்றுக்கொள்ளுங்கள். மோட்டாருக்கும் பலகைக்கும் தனித்தனி மின்வழி வைத்து, பலகையின் பக்கம் ஒரு நல்ல மின்தேக்கி போடுங்கள். நிரல் உயிர் பெற்றதும் மோட்டாரைத் தொடவே கூடாது. முதலில் டிரெய்லியர் எங்கே நிற்கிறது என்று படிக்க வேண்டும்.

அதைப் படிக்க நாங்கள் ஏஎஸ்5600 காந்தக் கோண உணரியைப் பயன்படுத்துகிறோம். ஒரு சுற்றை 4,096 பங்காகப் பிரித்துச் சொல்லும். தொடாமல் அளப்பதால் தேய்மானம் இல்லை. முதலில் மரைத்தண்டின் முனையில் வைத்து ஏமாந்தோம். தண்டு 22 சுற்றுச் சுற்றுகிறது, எத்தனையாவது சுற்று என்பதை உணரி சொல்லாது. பிறகு காந்தத்தை டிரெய்லியரின் கை மடங்கும் மூட்டிலேயே ஒட்டினோம். முழு வீச்சுக்கும் அது 40 பாகையை ஒட்டித்தான் திரும்புகிறது என்றாலும், ஒரு பங்கு என்பது 0.07 மி.மீ. நகர்வு, நமக்குத் தேவையானதைவிட நுட்பம் அதிகம். கேபிள் அறுந்தால்கூடக் கை உண்மையில் எங்கே இருக்கிறது என்பது தெரியும்.

கேபிளே எதற்கு, மோட்டாரை நேரே டிரெய்லியரில் பொருத்திவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. பெரிய நிறுவனங்கள் அப்படித்தான் செய்கின்றன. 2009இல் விற்பனைக்கு வந்த, ஷிமானோ நிறுவனத்தின் மின் கியரான டிஐ2வில் மோட்டார் டிரெய்லியருக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் பூட்டிக்கொள்ளும் கியர்த்தொடரை நேரே கையோடு இணைத்தால், சைக்கிள் வலப்பக்கம் சாய்ந்து விழும்போது அந்த அடி முழுவதும் பல்லின் மேலும் ஹேங்கரின் மேலும் இறங்கும். அதனால்தான் ஷிமானோ, பலமான அடி பட்டால் மோட்டாருக்கும் கைக்கும் உள்ள பிடி விட்டுப்போகுமாறு வைத்தது. இன்னொரு நிறுவனமான ஸ்ராம் 2019இல் கொண்டுவந்த ஏஎக்ஸ்எஸ் டிரெய்லியர்களில், அடி பட்டால் நழுவிக் கொடுத்துவிட்டுப் பழைய இடத்துக்குத் திரும்பும் கிளட்ச் இருக்கிறது. அந்த அளவில் கிளட்ச் செய்வது கல்லூரிப் பட்டறைக்கு ஆகாத வேலை.

கேபிளுக்கு இழுக்கத்தான் தெரியும், தள்ளத் தெரியாது. இந்தக் குறையே இங்கே வரமாகிறது. வெளியிலிருந்து அடி விழுந்தால் டிரெய்லியர் உள்ளே ஒதுங்கும், கேபிள் தொய்யும், அடி நீங்கியதும் ஸ்பிரிங் பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிடும். மரைக்கு எதுவும் தெரியாது. ஆகவே பின் கவையில் பெட்டியைப் பொருத்தி, 20 செ.மீ. அளவுக்காவது கேபிளை வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். உருளையில் சுற்றினால் தொய்ந்த கேபிள் பள்ளத்தைவிட்டுக் குதித்துவிடும். மரைத்தண்டில் அந்தத் தொல்லை இல்லை. பொருத்துவதற்கு முன் செருப்போடு, ஷூவோடு மிதித்துப் பாருங்கள். குதிகால் பெட்டியில் இடிக்கும் இடம் காகித வரைபடத்தில் தெரியாது.

நட்டுக்கும் கேபிளுக்கும் நடுவே முன்கூட்டியே அழுத்தி வைத்த ஒரு ஸ்பிரிங்கையும் வையுங்கள். 10 கிலோ வரை அது கட்டைபோல நிற்கும். அதற்கு மேல் இழுபட்டால் சுருங்கும். சைக்கிள் நின்றிருக்கும்போது யாராவது பொத்தானை அழுத்துவார்கள், அது நடந்தே தீரும். செயின் ஓடாமல் பல் மாறாது. ஸ்பிரிங் இல்லாத பெட்டியில் ஏதாவது ஒன்று வளையும். ஸ்பிரிங் இருந்தால், மோட்டார் தன் வேலையை முடித்துவிட்டு நிற்கும்; மிதிக்கத் தொடங்கியதும் ஸ்பிரிங் விரிந்து கியரைத் தானே மாற்றிவைக்கும். முதன்முறை அதைப் பார்த்த மாணவி ஒருவர், மோட்டார் அணைந்திருக்கும்போது கியர் மாறுகிறதே என்று பேட்டரியைக் கையில் எடுத்துக் காட்டினார். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த கணங்களில் அதுவும் ஒன்று.

எல்லைத் திருகுகளைக் கழற்றாதீர்கள். இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். நிரல் எவ்வளவு சரியாக இருந்தாலும், இரண்டு திருகுகளையும் முறைப்படி வைத்த பிறகே மோட்டாரை இணைக்க வேண்டும். திருகில் முட்டும்போது மின்னோட்டம் ஏறுவதைப் படித்து மோட்டாரை நிறுத்துவது இரண்டாவது காவல்; ஸ்பிரிங் மூன்றாவது.

தானியங்கியாக மாற்ற வேண்டும் என்பவர்களுக்கு ஒரு பெருக்கல் கணக்கு. 14 முதல் 28 பல் வரை உள்ள பொதுவான ஃப்ரீவீலில் (பின்சக்கரத்தின் பல்சக்கரத் தொகுதி) கடைசி இரண்டு சக்கரங்கள் 24, 28. மிதி நிமிடத்துக்கு 70 சுற்றுக்குக் கீழே போனால் இலகுவான கியர், 80ஐத் தாண்டினால் கனமான கியர் என்று எழுதினால், 24இலிருந்து 28க்கு மாறியதும் 70 சுற்று 82 ஆகிவிடும். உடனே பெட்டி திரும்ப 24க்குப் போகும். அங்கே மறுபடி 70. மேட்டில் ஓட்டுபவரின் கால் என்ன பாடுபடும் என்று யோசியுங்கள். இரண்டு எல்லைகளுக்கும் நடுவே, பற்களின் விகிதத்தைவிடக் கூடுதலான இடைவெளி வேண்டும். மிதிக்காமல் உருளும்போது, மிதியின் சுற்றை எண்ணும் உணரி பூஜ்யம் காட்டும்; அதைக் களைப்பு என்று நிரல் எண்ணிக்கொள்ளக் கூடாது.

மின் கியர் சைக்கிளைக் கடையில் வாங்கி ஓட்டுபவர்களும் என்னிடம் வருகிறார்கள். கியர் தடுமாறுகிறது, மென்பொருள் கோளாறாக இருக்குமோ என்று கேட்பார்கள். பெரும்பாலும் ஹேங்கர் வளைந்திருக்கும். சைக்கிளைச் சுவரில் சாய்த்து வைத்து ஒருமுறை சரிந்தாலே வளையும். டிரெய்லியரைக் கழற்றிவிட்டு அந்த மரைத்துளையில் ஹேங்கர் நேராக இருக்கிறதா என்று பார்க்கும் அளவுகருவியை மாட்டி, சக்கர விளிம்பைச் சுற்றிலும் நான்கு இடங்களில் இடைவெளி பாருங்கள், 4 மி.மீ.க்கு மேல் வேறுபட்டால் நிமிர்த்தியே ஆக வேண்டும். தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவுவதும் வேண்டாம். ஐபி67 என்ற முத்திரை, நீரைப் பொறுத்தவரை, ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் கிடந்தால் தாங்கும் என்று மட்டுமே சொல்கிறது. பீய்ச்சும் நீரின் வேகத்துக்கு அது பொறுப்பல்ல.

விழுந்த மாணவரும் அவருடைய குழுவும் அந்தத் திட்டத்தைக் கைவிடவில்லை. கட்டு பிரித்த பிறகு மரைத்தண்டு வைத்து மறுபடி செய்தார்கள். தண்டின் வெளிமுனையில் ஒரு வெட்டுப் பள்ளம் போடச் சொன்னேன், பேட்டரி தீர்ந்தால் ஒரு நாணயத்தை வைத்துத் திருகி, வீடு போகும் அளவுக்கு ஒரு இலகுவான கியரில் வைத்துக்கொள்ளலாம் என்று. சோதனை நாளில் அதே ஏற்றத்தில் ஓட்டிக்கொண்டே அவர் பேட்டரி இணைப்பைப் பிடுங்கினார். பின்னால் நடந்து போன நான் செயினையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது மூன்றாவது பல்சக்கரத்தைவிட்டு அசையவில்லை.