ரோட்ல 6 செகண்ட், ட்ராக்ல 20 நிமிஷம்: டர்போ ப்ராஜெக்ட் கார்ல சூடு எங்க போகுது?

நாங்க ரெண்டு பேர் சேர்ந்து ஒரு வருஷம் உக்காந்து கட்டின வண்டி அது, 2 லிட்டர் நாலு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின், அதுல ஒரு டர்போ. டைனோல, அதாவது வண்டிய நிக்க வச்சே பவர் அளக்கற மெஷின்ல, ஏத்தினப்போ கிராஃப் வழவழன்னு வந்துச்சு, அப்புறம் மூணு மாசம் ரோட்ல ஓட்டினோம், ஒரு குறை சொல்ல முடியாது. அதுக்கப்புறம் தான் முதல் தடவையா ட்ராக்குக்கு எடுத்துட்டு போனோம். ரெண்டு லேப் பறந்துச்சு, மூணாவது லேப்ல நேர்ப்பாதைக்கு வந்து முழுசா மிதிச்சா வண்டி இழுக்கவே மாட்டேங்குது, டர்போ தள்ற காத்தோட அழுத்தத்த காட்டற பூஸ்ட் கேஜ பார்த்தா முள்ளு அதே 1 பார்ல தான் நிக்குது. பிட்டுக்கு வந்து லேப்டாப்ல, வண்டி ஓடறப்போ பதிவான லாக்க திறந்தோம். இன்ஜினுக்குள்ள போற காத்தோட சூடு முதல் லேப்ல 48 டிகிரி, மூணாவது லேப் முடியறப்போ 91. இன்ஜின கட்டுப்படுத்தற கம்ப்யூட்டர் ஈசியூ, அது ப்ளக் பொறி விடற நேரத்த, அதாவது இக்னிஷன் டைமிங்க, கிராங்க் சுத்தற கோணத்துல 7 டிகிரி பின்னாடி இழுத்து வச்சிருந்துச்சு.

அந்த 91 எங்கிருந்து வந்துச்சுன்னு புரிஞ்சுட்டா டர்போ வண்டி கட்டற வேலைல முக்கால்வாசி புரிஞ்ச மாதிரி, அதனால அடில இருந்தே வரேன்.

1 கிலோ பெட்ரோல் முழுசா எரிய சுமார் 14.7 கிலோ காத்து வேணும். பெட்ரோல கூட்டறது பெரிய வேலை இல்ல, பெரிய இன்ஜெக்டர் பெரிய பம்ப் போட்டா கொட்டிடும், காத்து தான் கஷ்டம், ஏன்னா சாதாரண இன்ஜின்ல பிஸ்டன் கீழ இறங்கறப்போ வெளில இருக்கற வளிமண்டல அழுத்தம், அதாவது சுமார் 1 பார், அது தான் காத்த உள்ள தள்ளி விடுது, அதுக்கு மேல தள்றதுக்கு ஒண்ணும் கிடையாது. இன்னொரு பக்கம் பாருங்க, எரிச்ச பெட்ரோலோட சக்தில கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு எக்ஸாஸ்ட் வழியா சூடாவே வெளில போயிடுது. அந்த வீணாப்போற சூட்ட வச்சு ஒரு சின்ன சக்கரத்த சுத்த வைக்கலாம், அதே ஷாஃப்ட்டோட அந்தப்பக்கம் இருக்கற சக்கரம் வெளிக்காத்த அமுக்கி உள்ள தள்ளட்டும்னு யோசிச்சு 1905ல பேட்டன்ட் வாங்கினவர் ஸ்விட்சர்லாந்து இன்ஜினியர் ஆல்ஃபிரெட் பியூக்கி, அந்த ரெட்டைச் சக்கரம் தான் டர்போ. 1918ல அமெரிக்காவுல சான்ஃபோர்டு மாஸ் ஒரு லிபர்ட்டி விமான இன்ஜின லாரில ஏத்தி 14,000 அடிக்கு மேல இருக்கற பைக்ஸ் பீக் மலை உச்சிக்கே கொண்டு போய் டர்போவோட ஓட்டி காட்டினார், அங்க காத்து அவ்ளோ லேசு, ஆனாலும் கீழ தரைமட்டத்துல குடுக்கற பவர அந்த இன்ஜின் மேலயும் குடுத்துச்சு.

இதுவரைக்கும் எல்லாம் லாபம் தான். நஷ்டம் எங்க வருதுன்னா, காத்த அமுக்கினா சூடாகும். சைக்கிள் பம்ப வேகமா அடிச்சுட்டு அடிப்பக்கம் தொட்டு பார்த்திருந்தா தெரியும். வெளில 30 டிகிரில இருக்கற காத்த 1 பார் பூஸ்ட்டுக்கு, அதாவது வெளிக்காத்த விட ரெண்டு மடங்கு அழுத்தத்துக்கு அமுக்கினா, காத்த அமுக்கற அந்த சக்கரம், அதாவது கம்ப்ரஸர், 72 சதவீதம் திறமையோட வேலை செஞ்சா கூட அது 120 டிகிரிக்கு மேல போயிடும். சூடான காத்து விரியும், அதனால அழுத்தம் ரெண்டு மடங்கு ஆனாலும் உள்ள போற காத்தோட எடை 1.5 மடங்கு தான். நடுவுல ஒரு இன்டர்கூலர், அதாவது ரேடியேட்டர் மாதிரி காத்த குளிர வைக்கற சாமான், வச்சு அத 50 டிகிரிக்கு இறக்கிட்டா கிட்டத்தட்ட 1.9 மடங்கு. பூஸ்ட் கேஜ் அழுத்தத்த மட்டும் தான் காட்டும், எடைய காட்டாது, பெட்ரோல் எரியறதுக்கோ எடை தான் கணக்கு. "எவ்ளோ பூஸ்ட் வச்சிருக்க?"ன்னு தான் எல்லாரும் முதல்ல கேக்கறாங்க, நான் கேட்டா "இன்டேக் டெம்பரேச்சர் எவ்ளோ?"ன்னு தான் கேப்பேன்.

இப்ப எங்க வண்டி கணக்கையே போட்டு பாருங்க. 2 லிட்டர் இன்ஜின் 6,500 ஆர்பிஎம்ல, சிலிண்டர் 90 சதவீதம் நிரம்புதுன்னு வச்சுக்கிட்டா, டர்போ இல்லாம நிமிஷத்துக்கு 6.8 கிலோ காத்து குடிக்கும், டர்போவும் நல்ல இன்டர்கூலரும் இருந்தா 12.8 கிலோ. நிமிஷத்துக்கு 1 கிலோ காத்துன்னா தோராயமா 22 ஹெச்பின்னு ஒரு பழைய கணக்கு இருக்கு, அதுபடி 150 ஹெச்பி இன்ஜின் 280 ஹெச்பி ஆகுது. இந்த 12.8 கிலோ காத்த 120 டிகிரில இருந்து 50க்கு இறக்கணும்னா இன்டர்கூலர் எவ்ளோ சூட்ட வெளில தள்ளணும் தெரியுமா, 15 கிலோவாட். தண்ணி கொதிக்க வைக்கற 2 கிலோவாட் எலக்ட்ரிக் கெட்டில் ஏழு சேர்ந்து ஓடற அளவு சூடு அது.

ரோட்ல முழு பூஸ்ட்ட எவ்ளோ நேரம் பிடிப்பீங்க? அஞ்சு ஆறு செகண்ட், அதுக்குள்ள முன்னாடி வண்டி வந்துடும் இல்ல ஸ்பீட் லிமிட் வந்துடும். 6 செகண்ட்ல 15 கிலோவாட்னா மொத்தம் 90 கிலோஜூல். 6 கிலோ அலுமினியம் இருக்கற இன்டர்கூலர் மேல ஒரு துளி காத்து கூட அடிக்கலன்னு வச்சுக்கோங்க, அந்த 90 கிலோஜூல உலோகமே குடிச்சுட்டு 17 டிகிரி தான் சூடாகும், அப்புறம் நீங்க மெதுவா போறப்போ ஆறிடும். அதாவது ரோட்ல உங்க இன்டர்கூலர் காத்துல சூட்ட விடுதா இல்லையான்னு தெரியவே தெரியாது, வெறும் அலுமினியக் கட்டியா இருந்தா கூட வேலை செய்யற மாதிரி தான் தெரியும். டைனோலயும் அதே கதை, ஒரு ரன் பத்து பதினஞ்சு செகண்ட். ட்ராக்ல 20 நிமிஷம் ஓட்டறீங்க, அதுல பாதிக்கு மேல முழு த்ராட்டில், உலோகம் முதல் லேப்லயே நிரம்பிடும், அதுக்கப்புறம் வெளிக்காத்து எவ்ளோ எடுத்துட்டு போகுதோ அவ்ளோ தான். எங்க 48 டிகிரி 91 ஆனது இப்படித்தான்.

சூடான காத்து பவர குறைக்கறதோட நின்னா பரவால்ல, நாக்கிங்க கொண்டு வரும், அது தான் இன்ஜின கொல்றது. ப்ளக் பொறி விட்டதும் தீ அங்கிருந்து அலை மாதிரி பரவி சிலிண்டர் ஓரத்துக்கு போகணும், ஆனா ஓரத்துல இன்னும் எரியாம இருக்கற கலவை அழுத்தத்துலயும் சூட்டுலயும் அதுக்கு முன்னாடியே தானா பத்திக்கிட்டா, அது எரியறது இல்ல, ஒரேயடியா வெடிக்கறது. ஒரு தடவை இன்னொரு இன்ஜின பிரிச்சப்போ நான் நேர்ல பார்த்தேன். முதல்ல ப்ளக்க கழட்டி வெளிச்சத்துல பிடிச்சா வெள்ளை பீங்கான் மேல மிளகுத்தூள் தூவின மாதிரி கருப்பு புள்ளி, நடுவுல நடுவுல பளபளன்னு குட்டி குட்டி அலுமினிய உருண்டை, லென்ஸ் வச்சு பார்த்தா தான் தெரியும். அந்த அலுமினியம் பிஸ்டன்ல இருந்து பேந்து வந்தது. ஹெட்ட தூக்கி பிஸ்டன வெளில எடுத்தா மேல் ரிங்குக்கும் ரெண்டாவது ரிங்குக்கும் நடுவுல இருக்கற பட்டை நகத்தளவு உடைஞ்சு கையோட வந்துடுச்சு. ஓட்டினவருக்கு ஒரு சத்தமும் கேக்கல, எக்ஸாஸ்ட் சத்தத்துல எப்படி கேக்கும்.

இதுக்காகத்தான் ஈசியூ நாக் சென்ஸர் பேச்ச கேட்டு டைமிங்க பின்னாடி இழுக்குது. இழுத்தா இன்ஜின் தப்பிக்கும், ஆனா கலவை லேட்டா எரியறதால அந்த சூடு பிஸ்டன தள்றதுக்கு பதிலா எக்ஸாஸ்ட்ல போகும், டர்போ இன்னும் சூடாகும், பானெட்டுக்குள்ள எல்லாமே சூடாகும், திரும்ப உள்ள வர காத்தும் சூடாகும். ஒரு தடவை இந்த சுழல்ல மாட்டினா மிதிக்கறத விட்டா தான் வெளில வர முடியும். தயாரிப்புல வந்த முதல் டர்போ கார்கள்ல ஒண்ணு 1962 ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர், அப்பவே இதே நாக்கிங்ல தான் மாட்டுச்சு, ஏன்னா அதோட கம்ப்ரஷன் ரேஷியோ, அதாவது பிஸ்டன் கலவைய எத்தனை மடங்கு அமுக்குதுங்கற கணக்கு, 10.25, டர்போவுக்கு அது ரொம்ப அதிகம். தண்ணியும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்த இன்டேக்ல தெளிச்சு குளிர வச்சாங்க, அந்த டேங்க் காலியாச்சுன்னா பூஸ்ட் தானா குறையும், ரொப்பறத மறந்தவங்க தான் நிறைய. பின்னாடி வந்த டொயோட்டா 2ஜேஇசட் ஜிடிஇ, நிஸ்ஸான் ஆர்பி26, எஸ்ஆர்20டிஇடி இதெல்லாம் ஃபேக்டரிலயே 8.5 கம்ப்ரஷனோட வந்துச்சு. ப்ராஜெக்ட் கட்டறவங்க இந்த இன்ஜின்கள தேடி அலையறதுக்கு இது ஒரு பெரிய காரணம். டர்போ இல்லாத இன்ஜின்ல டர்போ மாட்டறவங்க பிஸ்டன மாத்தாம 10.5 கம்ப்ரஷன்லயே ஆரம்பிக்கறப்போ 0.4, 0.5 பார்ல நிறுத்திக்கறது நல்லது.

பெட்ரோல் பக்கம் சுருக்கமா சொல்லிடறேன். முழு பூஸ்ட்ல 14.7 கலவைல ஓட்ட கூடாது, 11.5ல இருந்து 12 வரைக்கும் வைக்கறோம், கூட வர பெட்ரோல் ஆவியாகி உள்ள இருக்கற சூட்ட உறிஞ்சும். 12.8 கிலோ காத்துக்கு 12 கணக்குல நிமிஷத்துக்கு 1.07 கிலோ, அதாவது 1.44 லிட்டர் பெட்ரோல், நாலு இன்ஜெக்டருக்கு பிரிச்சா ஆளுக்கு 360 சிசி, 80 சதவீதத்துக்கு மேல திறந்து வைக்க கூடாதுன்னா 450 சிசி இன்ஜெக்டர் வேணும். இன்னொண்ணு, சிலிண்டருக்கு காத்து போற மேனிஃபோல்டுக்குள்ள 1 பார் பூஸ்ட் எதிர்ல நின்னு தள்றப்போ, இன்ஜெக்டருக்கு பெட்ரோல் குடுக்கற ரெயில் குழாய்ல 3 பார்ல இருந்த அழுத்தம் 4 பார் ஆகணும், அழுத்தம் ஏற ஏற பம்ப் தள்ற அளவு குறையும், அதனால பம்ப் பெட்டில போட்டிருக்கற நம்பர நம்பாம அந்த அழுத்தத்துல எவ்ளோ தள்ளுதுன்னு பாருங்க.

டர்போ சைஸ் தான் எல்லாரும் தப்பு பண்ற இடம். சின்ன டர்போ சீக்கிரம் சுத்தும், ரோட்ல 2,500 ஆர்பிஎம்லயே இழுக்கும், ஆனா மேல போனா அதால அவ்ளோ காத்து தள்ள முடியாம திறமை விழுந்துடும், திறமை விழுந்தா அதே 1 பார் இன்னும் சூடான 1 பாரா வரும். பெரிய டர்போ மேல குளிர்ச்சியா தள்ளும், ஆனா எழுந்திருக்கறதுக்குள்ள வளைவு முடிஞ்சு போயிடும். ரெனோ 1977ல சில்வர்ஸ்டோன்ல முதல் டர்போ ஃபார்முலா 1 கார இறக்கினப்போ பட்ட பாடு இது தான், அடிக்கடி புகை கக்கிட்டு நின்னதால அதுக்கு மஞ்சள் டீ கெட்டில்னு பேரே வச்சுட்டாங்க, 1979ல ஒரு பெரிய டர்போவுக்கு பதிலா ரெண்டு சின்ன டர்போ போட்டதும் தாமதம் குறைஞ்சுது, அந்த வருஷமே டிஜான்ல ழான் பியர் ழபூய் ஜெயிச்சார். நம்ம வேலைக்கு டர்போ கம்பெனி குடுக்கற கம்ப்ரஸர் மேப்ப, அதாவது எவ்ளோ காத்துக்கு எவ்ளோ அழுத்தத்துல எவ்ளோ திறமைன்னு காட்டற படத்த, எடுத்து நிமிஷத்துக்கு 12.8 கிலோ, 2 மடங்கு அழுத்தம்ங்கற புள்ளிய அதுல குறிங்க, அந்த புள்ளி நடுவுல இருக்கற திறமையான தீவுக்குள்ள விழணும், இடது பக்க சர்ஜ் கோட்ட ஒட்டி விழுந்தா காத்து திரும்பி அடிச்சு ஷாஃப்ட்ட ஆட்டும், வலது ஓரத்துல விழுந்தா வெறும் ஹீட்டர் தான்.

ஆயில பத்தி சொல்லாம விட முடியாது. அந்த ஷாஃப்ட் நிமிஷத்துக்கு 1.5 லட்சம் தடவைக்கு மேல சுத்துது, ஒரு பக்கம் 900 டிகிரி எக்ஸாஸ்ட், நடுவுல அத தாங்கறது மெல்லிசா ஒரு ஆயில் படலம், வேற ஒண்ணும் இல்ல. சூடா இருக்கறப்போ டக்குன்னு இன்ஜின ஆஃப் பண்ணா ஆயில் ஓட்டம் நின்னுடும், உள்ள தேங்கின ஆயில் கருகி கரியா ஒட்டிக்கும். டர்போல இருந்து ஆயில் திரும்பற குழாய் பெருசா, நேரா கீழ நோக்கி இறங்கணும், ஏன்னா அங்க ஆயில் நுரையா தான் வருது, அத தள்ள அழுத்தம் கிடையாது, தன் எடைல தானே விழணும். ட்ராக்ல இன்னொரு ஆபத்து, 1 ஜி விசைல, அதாவது வண்டியோட எடை அளவு பக்கவாட்டு விசைல, வளைஞ்சா இன்ஜினுக்கு அடில சம்ப்ல தேங்கி இருக்கற ஆயில் 45 டிகிரி சாஞ்சு ஒரு பக்கமா ஏறிடும், உறிஞ்சற ஸ்ட்ரெய்னர் காத்த இழுக்கும், நீளமான ஒரு வளைவுல ரெண்டு செகண்ட் அப்படி ஆனாலே பேரிங் போயிடும். தடுப்பு தகடு வச்ச சம்ப்பும் ஆயில் கூலரும் ட்ராக் வண்டிக்கு டர்போவுக்கு முன்னாடி வாங்க வேண்டிய சாமான்னு நான் உறுதியா நம்பறேன். பிரேக் ஆயிலும் அப்படித்தான், டாட் 4ங்கற ரகம் புதுசா இருக்கறப்போ குறைஞ்சது 230 டிகிரி வரைக்கும் கொதிக்காது, ஈரம் குடிச்ச பழசுக்கு அந்த எல்லை 155 வரைக்கும் இறங்கிடும்.

எங்க வண்டில நாங்க முதல்ல கைய வச்சது பம்பர்ல. இன்டர்கூலருக்கும் பம்பர் ஓட்டைக்கும் நடுவுல சுத்தி ரெண்டு விரல் இடைவெளி இருந்துச்சு, காத்து எப்பவும் சுலபமான வழியா தான் போகும், இன்டர்கூலரோட மெல்லிசான தகடுங்களான ஃபின்னுக்குள்ள நுழையாம அந்த சந்து வழியா சுத்திக்கிட்டு போயிட்டே இருந்திருக்கு. அலுமினியத் தகடு வெட்டி, ஓரத்துல ரப்பர் பட்டை ஒட்டி நாலு பக்கமும் அடைச்சோம், உள்ள போற காத்துக்கு ஃபின்ன தவிர வேற வழியே இல்லாத மாதிரி. பூஸ்ட்ட 1 பார்ல இருந்து 0.8க்கு இறக்கினோம். அடுத்த தடவை ட்ராக்ல எட்டு லேப் ஓட்டினோம், இன்டேக் சூடு ரெண்டாவது லேப்ல 58 டிகிரிக்கு வந்து அங்கயே நின்னுடுச்சு, எட்டாவது லேப்லயும் அதே 58. கணக்கு போட்டு பார்த்தா 91 டிகிரில 1 பாரும் 58 டிகிரில 0.8 பாரும் கிட்டத்தட்ட ஒரே எடை காத்து தான், ரெண்டுமே சுமார் 1.65 மடங்கு, வித்தியாசம் என்னன்னா இந்த தடவை லாக்ல டைமிங் கோடு ஒரு டிகிரி கூட இறங்கல.